கிரேட் ஓஷன் ரோட்டில் கேரவன் பயணம்: நண்பர்கள் கூட்டம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டார்க்கியில் தொடங்கி வார்னம்பூலுக்குச் சற்று முன்னால் அலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது கிரேட் ஓஷன் ரோடு. நீளம் 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக மலையைக் குடைந்து போட்ட சாலை இது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கடல். நண்பர்கள் சேர்ந்து கேரவனை இழுத்துக்கொண்டு நிதானமாகப் போக இதைவிட நல்ல கடற்கரை கிடைப்பது அரிது. ஆனால் பயணத்தைக் கெடுக்கும் தவறுகளில் பாதி, வீட்டு வாசலில் சாமான் ஏற்றும்போதே நடந்துவிடுகின்றன.

எடைக் கணக்கு போடாமல் கிளம்புவது

கேரவனில் பொருத்தியிருக்கும் தகட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். டேர் என்பது வெறும் வண்டியின் எடை. ஏடிஎம் என்பது எல்லாம் ஏற்றிய பிறகும் தாண்டக் கூடாத எடை. டேர் 1,900 கிலோ, ஏடிஎம் 2,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏற்றக்கூடியது 400 கிலோ. 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டையும் நிரப்பினால் 160 கிலோ போய்விடும். 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டில் உள்ள எரிவாயு 18 கிலோ. மிச்சமிருக்கும் 222 கிலோவுக்குள் படுக்கை, மடக்கு நாற்காலி, குக்கர், அரிசி மூட்டை, ஆளுக்கொரு பெட்டி எல்லாம் அடங்கவேண்டும். வழிநெடுக ஊர்களில் கேரவன் பார்க் இருக்கிறது, குழாயும் இருக்கிறது. அச்சுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தொட்டியை மட்டும் நிரப்பிக்கொண்டு போனால் போதும்.

பலரும் கவனிக்கத் தவறுவது காரின் கணக்கை. கேரவனின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம், காரின் பின்னால் கேரவனை மாட்டும் உருண்டையான டோ பாலின் மேல் அழுந்தவேண்டும். 2,200 கிலோ கேரவன் என்றால் 220 கிலோ. அதையும் காருக்குள் ஏற்றிய சுமையாகவே கணக்கிட வேண்டும். கார் 600 கிலோ தாங்கும் என்றால், தலைக்கு 75 கிலோ வீதம் ஐந்து பேருக்கு 375, டோ பாலுக்கு 220, ஆக 595. டிக்கியில் ஐஸ் பெட்டி வைக்கக்கூட இடமில்லை. மீறி ஏற்றினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைந்து ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது.

இதைச் சரிக்கட்ட சிலர் கனமான சாமான்களைக் கேரவனின் வால்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். இது இன்னும் ஆபத்து. டோ பாலில் அழுத்தம் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும், காரையும் சேர்த்து இழுக்கும். கனமானவை தரைமட்டத்தில், அச்சுக்கு மேலே இருக்கட்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கையும் வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்திக் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை ஓட்டப்போகிற ஒவ்வொருவரும் கிளம்புவதற்கு முன்பே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

காரில் இடம் போதவில்லை என்று யாரையும் கேரவனுக்குள் உட்காரவைக்காதீர்கள். ஓடும் கேரவனில் ஆள் பயணிப்பது சட்டப்படி குற்றம். ஆறு பேர் என்றால் இரண்டு கார் எடுப்பதுதான் வழி. இரண்டு கேரவன்களாகப் போகிறவர்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவதும் தவறு. காரும் கேரவனும் சேர்ந்து 7.5 மீட்டரைத் தொட்டாலே சட்டத்தின் பார்வையில் அது நீள வாகனம். ஊருக்கு வெளியே, ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில், இன்னொரு நீள வாகனத்துக்குப் பின்னால் 60 மீட்டராவது விட்டுத்தான் போகவேண்டும். முந்த நினைக்கும் கார் இடையில் நுழைய அந்த இடம் வேண்டும்.

தவறான திசை, தவறான வேகம்

ஆஸ்திரேலியாவில் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவார்கள். டார்க்கியிலிருந்து மேற்கே போனால் கடல் உங்கள் பக்கம் இருக்கும். கடலோரம் நிறுத்த எதிர்வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. வார்னம்பூலில் தொடங்கினால் இந்த வசதி போய்விடும்.

லார்னுக்கும் அப்போலோ பேவுக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுக்கு மேல் வளைவு, கேரவனோடு ஒரு மணி நேரமாவது ஆகும். வளைவில் கேரவனின் சக்கரம் காரின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்க வளைவில் சாலையோரத் தடுப்பை உரசும், வலப்பக்க வளைவில் நடுக்கோட்டைத் தாண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தடத்துக்குள்ளேயே சற்று அகலமாகத் திருப்புங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், மெதுவாகச் செல்லும் வாகனங்களுக்கென விட்டிருக்கும் ஒதுக்கிடங்களில் ஒதுங்கி வழிவிடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கியரைக் குறைத்து இறங்குங்கள்.

தினமும் கேரவனை நகர்த்துவது வீண் உழைப்பு. பல காட்சி முனைகளில் அதைத் திருப்பவே இடமிருக்காது. அப்போலோ பேயில் மூன்று இரவு, போர்ட் கேம்பலில் இரண்டு இரவு என்று முகாம் போட்டு, சுற்றுவதற்குக் காரை மட்டும் எடுங்கள். கென்னெட் ரிவரில் கோலா விலங்கைத் தேடவும், 1848 முதல் நிற்கும் கேப் ஆட்வே கலங்கரை விளக்கத்தைப் பார்க்கவும் காரே போதும். ஆட்வே காட்டுக்குள் பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ட்வெல்வ் அப்பாஸல்ஸ் பாறைத்தூண்கள் காலையிலும் மாலையிலும் ஒளி சாயும்போது வேறு வேறு அழகு. போர்ட் கேம்பலில் தங்கினால் இரண்டையும் பார்க்கலாம். அங்கே வேலி தாண்டி விளிம்புக்குப் போகவே கூடாது. அந்தச் சுண்ணாம்புப் பாறை இன்னும் இடிந்துகொண்டுதான் இருக்கிறது. 1990இல் இங்குள்ள லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப் பாலத்தின் ஒரு வளைவும், 2005இல் தூண்களில் ஒன்றும் விழுந்தன. திரும்பும்போது உள்நாட்டு வழியாகக் கோலாக், ஜீலாங் என்று பிரின்சஸ் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள்.

முகாமில்

கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முடியவும் ஈஸ்டரிலும் முன்பதிவில்லாமல் இடம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கடலோர வாகன நிறுத்தத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அபராதம் விழும்.

கோடையில் தீத்தடை நாள் அறிவிப்பை விக்எமர்ஜென்சி செயலியில் தினமும் காலையில் பாருங்கள். அன்று தேசியப் பூங்காக்களில் விறகு மட்டுமல்ல, கேஸ் அடுப்பும் பற்றவைக்கக் கூடாது. முந்தின இரவே புளியோதரையோ சப்பாத்தியோ செய்து வைத்துக்கொண்டால் பட்டினி இல்லை. இந்தக் கட்டுப்பாட்டை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015 கிறிஸ்துமஸ் அன்று இதே சாலையோரத்தில் வை ரிவரிலும் செப்பரேஷன் க்ரீக்கிலும் 116 வீடுகள் காட்டுத்தீயில் எரிந்தன.

மின் இணைப்புக்குக் கேரவன் வயரின் 15 ஆம்ப் பிளக்கைத்தான் பயன்படுத்தவேண்டும். வீட்டு 10 ஆம்ப் சாக்கெட்டில் நுழைய அதன் அகலமான எர்த் முனையை ராவுவது உயிரோடு விளையாடுவது. மிஞ்சிய வயரைச் சுருளாகவும் விடாதீர்கள். ஹீட்டரும் கெட்டிலும் சேர்ந்து ஓடும்போது சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகும். மழை வந்தாலும் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ உள்ளே கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பக்கவாட்டு நிழற்கூரையைத் தூங்கப்போகும்போதும் வெளியே போகும்போதும் சுருட்டிவிடுங்கள். தெற்குக் கடல் காற்று நள்ளிரவில் திடீரென்று ஏறும், கூரையைக் கம்பியோடு பெயர்த்து வண்டியின் மேலேயே புரட்டிப்போடும்.

கிளம்பும் காலையில் ஆளுக்கொரு வேலை என்று பிரிப்பதில்தான் படிக்கட்டும் மேல் ஜன்னலும் விட்டுப்போகின்றன. அவரவர் வேலை முடிந்ததும், ஓட்டுநர் ஒருவரே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்க்கட்டும்: கேஸ் மூடியாயிற்றா, ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டுக்கு மாறியதா, மின்வயர் கழற்றியாயிற்றா, காரையும் கேரவனையும் பிணைக்கும் சங்கிலி மாட்டியிருக்கிறதா, கேரவனின் கைப்பிரேக் இறங்கியதா, பிரேக் விளக்கு எரிகிறதா. இந்தச் சுற்றின்போது யாரும் அவரோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது.