விறகும் கரியும் எரிக்கும் சின்னக் கணப்படுப்பு: வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மல்டி ஃப்யூயல் ஸ்டவ் என்பது அறையைச் சூடாக்கும் ஓர் இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, மேலேயோ பின்னாலேயோ புகைக் குழாய். வெளியிலிருந்து பார்த்தால் விறகு மட்டும் எரிக்கும் அடுப்புக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. கதவைத் திறந்து அடியில் பார்த்தால்தான் தெரியும். விறகு, நிலக்கரி இரண்டையும் எரிக்க வேண்டுமானால் அடியில் சல்லடைபோல ஒரு கம்பித் தட்டு இருக்கும். அதன் கீழே சாம்பல் தட்டு, அந்த வழியாகக் காற்று வர ஒரு திறப்பு.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரிய அடுப்பை வாங்கிவிடுகிறார்கள். "பெரிதாக இருந்தால் குறைத்து எரித்துக்கொள்ளலாம்" என்பது அவர்கள் கணக்கு. விறகைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தப்பு. காற்றைக் குறைத்துப் புகைய விட்டால் விறகு முழுதாக எரியாது. எரியாத புகை குழாயின் உள்சுவரில் தாராகப் படியும். நாளடைவில் அந்தத் தாரே தீப்பிடிக்கும். சின்ன அடுப்பு, நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும் தீ. தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: அறையை அளந்து கிலோவாட் கணக்கிடுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் 50 கன மீட்டர். வெளியே 0 டிகிரியை ஒட்டிய குளிர் இருக்கும்போது உள்ளே 20 டிகிரிக்குக் கொண்டுவர, இப்படி வகுத்துப் பார்ப்பது வழக்கம்:

- சுவரும் கூரையும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும் வீடு: 14-ஆல் வகுக்கவும். 50 ÷ 14 = சுமார் 3.6 கிலோவாட்.
- பழைய வீடு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், இடுக்குகளில் காற்று புகும்: 10-ஆல் வகுக்கவும். 5 கிலோவாட்.
- வெப்பக் காப்பு நன்றாக உள்ள புது வீடு: 25-ஆல் வகுக்கவும். வெறும் 2 கிலோவாட்.

ஒரே அளவு அறைக்கு 2 முதல் 5 வரை விடை வருவதைக் கவனியுங்கள். அறையின் பரப்பை விடச் சுவரின் தரம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. உங்கள் ஊரில் குளிர் கடுமையாக இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். வெளியேறும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்துக்கு ஏற்ப உயரும். வெளியே மைனஸ் 20 என்றால் வித்தியாசம் 20-லிருந்து 40 ஆகிறது, தேவையும் இரட்டிப்பாகிறது.

வந்த விடைக்கு மிக அருகில் உள்ள அடுப்பை எடுங்கள். 3.6 வந்தால் 4 கிலோவாட் போதும். 8 கிலோவாட் அடுப்பைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். பெட்டியில் எழுதியிருக்கும் எண் சோதனையில் அது சீராகத் தந்த வெப்பம். கூடுதலாக ஒரு கட்டை போட்டால் சற்று நேரம் அதற்கு மேலும் தரும். அதனால் எப்போதாவது வரும் கடும் குளிர் நாளுக்கென்று தனியாக அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

படி 2: எதை எரிக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டும் எரிக்கலாம் என்பதற்காக இரண்டையும் எரிக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு எது தடையில்லாமல் கிடைக்கிறது, எதை நனையாமல் வைக்க இடம் இருக்கிறது, உங்கள் பகுதியில் எதை எரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்ற மூன்றையும் விசாரித்துவிடுங்கள். புகைக் கட்டுப்பாடு உள்ள நகரங்களில் சாதாரண நிலக்கரிக்குத் தடை இருக்கலாம். விறகுக்கும் குறிப்பிட்ட அங்கீகாரம் பெற்ற அடுப்பு கேட்பார்கள்.

நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் இருக்கிறது. 75 சதவீதத் திறனுள்ள அடுப்பில் அதில் 3 யூனிட் அறைக்கு வந்து சேரும். 4 கிலோவாட் அடுப்பை மாலையில் ஆறு மணி நேரம் எரிக்க 8 கிலோ விறகு வேண்டும். ஆந்த்ரசைட் எனும் கடின நிலக்கரியில் கிலோவுக்கு 8 யூனிட்டுக்கு மேல் இருப்பதால் அதே மாலைக்கு 4 கிலோ போதும். எடையில் பாதி, வைக்கும் இடத்திலோ பாதிக்கும் கீழே. மணிக்கணக்கில் கைவைக்காமல் கனன்று கொண்டிருக்கும். விறகு அப்படியல்ல. சின்ன அடுப்பில் முக்கால் மணிக்கு ஒரு முறையாவது கட்டை போட வேண்டியிருக்கும்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானியின் ஊசியைக் கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்ப்பது வீண் வேலை, வெளித்தோல் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையை நடுவில் பிளந்து, அப்போதுதான் திறந்த உள்முகத்தில் குத்துங்கள். வெளியே 16 காட்டிய கட்டை உள்ளே 28 காட்டலாம். அந்தக் கட்டை தீயில் சீறும், முனையில் நுரை கட்டும், கண்ணாடியைக் கருப்பாக்கும். பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் மிச்ச வெப்பம் உங்களுக்கு வரும். வெட்டிப் பிளந்து, மேலே மூடி, பக்கங்களில் காற்றாட அடுக்கினால் உலர ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். வைரம் பாய்ந்த மரத்துக்கு இரண்டு ஆண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விறகையும் நிலக்கரியையும் ஒரே தீயில் கலக்காதீர்கள். விறகின் ஈரமும் கரியின் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிக் குழாயின் உள்சுவரை அரிக்கும். பெயின்ட் அடித்த மரம், பூச்சிமருந்து ஏற்றிய பலகை, பிளைவுட் எதுவும் கூடாது. பெட்ரோலியக் கோக் (கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) கலந்த கட்டிகள் அளவுக்கு மீறிய சூடு தந்து அடிக்கம்பியை வளைத்துவிடும். அடுப்பின் கையேட்டில் அனுமதி இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

படி 3: அடிக்கம்பியையும் காற்றுத் திறப்புகளையும் பாருங்கள்

விலையைக் கேட்பதற்கு முன் கடையில் இதைச் செய்யுங்கள். நிலக்கரிக்குக் காற்று கீழிருந்து வர வேண்டும். விறகுக்கு மேலிருந்து வருவதே நல்லது, அது சாம்பல் மெத்தையின் மேல் படுத்து எரியும். ஆகவே நல்ல மல்டி ஃப்யூயல் அடுப்பில் குறைந்தது இரண்டு காற்றுக் கட்டுப்பாடுகள் தனித்தனியாக இருக்கும். கீழே உள்ளது கம்பித் தட்டின் அடியில் காற்றை விடும். மேலே உள்ளது சூடேறிய காற்றைக் கண்ணாடியின் உள்முகமாகக் கீழே இறக்கும். கண்ணாடியில் புகைக்கரி படியாமல் காப்பதும் அதுதான்.

ஒரே ஒரு கைப்பிடிதான் இருக்கிறதென்றால், அது எந்த நிலையில் எந்தக் காற்றை விடுகிறது என்று விற்பவரிடம் காட்டச் சொல்லுங்கள். பிறகு கம்பித் தட்டை அசைத்துப் பாருங்கள். கதவை மூடிய நிலையிலேயே வெளியிலிருந்து சலிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் கரி எரிக்கும் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து தூசியைக் கிளப்ப வேண்டிவரும். சாம்பல் தட்டு ஆழமாக இருக்கட்டும், வெளியே எடுக்கும்போது சிந்தாமல் வருகிறதா என்றும் பாருங்கள்.

எரிபெட்டியின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சின்ன அடுப்புகள் சிலவற்றில் 25 சென்டிமீட்டர் கட்டைதான் நுழையும். உங்களுக்குக் கிடைக்கும் விறகு 33 சென்டிமீட்டராக வெட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு கட்டையையும் மறுபடி அறுக்க வேண்டும்.

படி 4: கதவுக் கயிறும் உடலும்

வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடாகும், தீ அணைந்த பிறகும் வெப்பம் தந்துகொண்டிருக்கும். எஃகுத் தகடு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். மாலையில் மட்டும் எரிப்பவருக்கு எஃகு, நாள் முழுதும் எரிப்பவருக்கு வார்ப்பிரும்பு. இரண்டுமே நீடித்து உழைக்கும், இதில் அதிகம் குழம்ப வேண்டாம்.

கதவின் விளிம்பைச் சுற்றி, காற்று புகாமல் அடைக்க ஒரு தீத்தாங்கும் கயிறு பதித்திருக்கும். அது தரும் இறுக்கம்தான் முக்கியம். ஒரு துண்டுத் தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடிப் பூட்டுங்கள். தாளை இழுங்கள். பிடித்துக்கொண்டு இழுபட்டால் கயிறு நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று புகும், நீங்கள் திறப்பை மூடினாலும் தீ அடங்காது. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். பழைய அடுப்பு என்றால் இருட்டான இடத்தில் உள்ளே டார்ச் விளக்கை வைத்துக் கதவை மூடி வெளியே சுற்றி வாருங்கள். மூட்டுகளில் வெளிச்சம் கசிந்தால் அது விரிசல். உள்ளே மேலே சாய்ந்திருக்கும் தடுப்புத் தகடு தொய்ந்திருந்தால் அந்த அடுப்பை அளவுக்கு மீறி எரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தகடு மாற்றலாம், ஆனால் உடலும் வளைந்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

படி 5: புகைபோக்கி

அடுப்பைத் தானாக இழுத்து எரியவைப்பது புகைபோக்கிதான். அடுப்புகளைப் பெரும்பாலும் 12 பாஸ்கல் (அழுத்த அலகு) இழுவிசையில் சோதிக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த இழுவை இல்லையென்றால் பெட்டியில் எழுதிய திறன் உங்களுக்குக் கிடைக்காது. அடுப்பின் தலையிலிருந்து புகைபோக்கி முனை வரை 4.5 மீட்டராவது இருப்பது நல்லது. நேராகப் போவது மிக நல்லது, வளைவு தவிர்க்க முடியாதென்றால் 45 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

சின்ன அடுப்புகளுக்குக் குழாயின் உள்விட்டம் 125 அல்லது 150 மில்லிமீட்டர். கரி எரிப்பதென்றால் 150 பாதுகாப்பானது. பழைய செங்கல் புகைபோக்கி இதைவிட மிகப் பெரிதாக இருந்தால் புகை அதில் பரவிக் குளிர்ந்து மேலே ஏறாமல் நிற்கும், தாரும் படியும். உள்ளே எஃகு லைனர் (உட்குழாய்) இறக்குவது அதற்காகத்தான். லைனர் வாங்கும்போது 316, 904 என்று இரண்டு தரம் சொல்வார்கள். கரி எரிக்கும் எண்ணம் இருந்தால் அமிலத்தைத் தாங்கும் 904 தரத்தையே கேளுங்கள். புகைபோக்கியை முதலில் சுத்தம் செய்து, தகுதியுள்ளவரை வைத்துப் புகைச் சோதனை செய்த பிறகே இணைப்பு.

படி 6: வைக்கும் இடம், காற்று, எச்சரிக்கைக் கருவி

அடுப்பு நிற்கும் தளம் கல்லோ கான்கிரீட்டோ ஆக இருக்கட்டும். கதவுக்கு முன்னால் 30 சென்டிமீட்டர், பக்கங்களில் 15 சென்டிமீட்டர் நீட்டி விடுங்கள். மரம், திரைச்சீலை போன்றவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று அடுப்பின் தகவல் தட்டில் இருக்கும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்குப் பொதுவான கணக்கு விட்டத்தைப் போல் மூன்று மடங்கு: 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 45 சென்டிமீட்டர். உங்கள் பகுதியின் கட்டட விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதுவே செல்லும்.

இடுக்கில்லாத புது வீட்டில் அடுப்புக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓடினால் அது அடுப்புப் புகையையே வீட்டுக்குள் இழுக்கும். வெளிக்காற்றை நேரே அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய் பொருத்தக்கூடிய மாடலாக வாங்கினால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது, கனன்று கொண்டிருக்கும் கரியிலிருந்து நிறையவே வரும். அடுப்பு இருக்கும் அதே அறையில், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, மேற்கூரையிலோ சுவரின் உயரமான பகுதியிலோ பொருத்துங்கள். மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள்.

படி 7: முதல் தீயும் அன்றாட எரிப்பும்

முதல் இரண்டு மூன்று முறை சின்னத் தீ மட்டும். பெயின்ட் இறுகும்போது வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

விறகுக்கு: 2 அல்லது 3 சென்டிமீட்டர் சாம்பலை அப்படியே விடுங்கள். அதன் மேல் இரண்டு சிறு கட்டை, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி. உச்சியில் கொளுத்துங்கள். தீ மேலிருந்து கீழே இறங்கும்போது புகை கொழுந்தின் வழியாகவே போய் எரிந்துவிடும். பற்றியதும் கீழ்க் காற்றை மூடி, மேல் காற்றில் ஓட்டுங்கள். கரிக்கு நேர்மாறு: முதலில் சலித்துச் சாம்பலை இறக்கி, தட்டைக் காலி செய்து, தணல் உண்டாக்கிய பின் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கீழ்க் காற்றில் எரியுங்கள். சாம்பல் ஏறிக் கம்பியைத் தொடவே கூடாது. கீழிருந்து வரும் காற்றுதான் கம்பியைக் குளிர்விக்கிறது. அது அடைபட்டால் கம்பி சிவந்து தொய்யும்.

ஒற்றைத் தகட்டுக் குழாயில் அடுப்புக்கு 45 சென்டிமீட்டர் மேலே காந்த வெப்பமானி ஒன்றை ஒட்டுங்கள். 120 முதல் 240 டிகிரி வரை சரி. அதற்குக் கீழே நெடுநேரம் இருந்தால் தார் படியும், மேலே போனால் அடுப்பு கெடும்.

கதவைத் திறக்கும்போது புகை அறைக்குள் வருகிறதா? முதலில் இரண்டு விரல் அளவு திறந்து சில நொடி பொறுத்து, பிறகு முழுதாகத் திறங்கள். அப்போதும் வந்தால் தடுப்புத் தகட்டின் மேல் புகைக்கரி சேர்ந்திருக்கலாம். புகைபோக்கியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது துடைக்கச் சொல்லுங்கள். குழாயில் திடீரென்று இரைச்சல் கேட்டால் அது உள்ளே பிடித்த தீ. எல்லாக் காற்றுத் திறப்பையும் மூடுங்கள், எல்லோரும் வெளியேறுங்கள், தீயணைப்பை அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு பிளந்துவிடும்.

ஆறிவிட்டதாகத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து, வெளியே, மரத் தளத்தில் அல்லாமல் கல்லின் மேல் வையுங்கள். முழுதும் ஆறிய விறகுச் சாம்பலைத் தோட்டத்தில் கொஞ்சமாகத் தூவலாம். கரிச் சாம்பல் குப்பைக்குத்தான்.