பாய்ப்படகு தரைதட்டினால்: டெல்டா நீரில் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றிலிருந்து கோடியக்கரையைச் சுற்றி முத்துப்பேட்டைக் காயல் வரை பாய்ப்படகு ஓட்டும் எவரும் என்றாவது தரைதட்டத்தான் செய்வார்கள். ஆறுகள் கொண்டுவரும் மணலும் வண்டலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இடம் மாறுகின்றன. மார்கழியில் ஆழமாக இருந்த ஆற்று வாய் (முகத்துவாரம்) சித்திரையில் திட்டாகக் கிடக்கும். தட்டியது தப்பில்லை. தட்டிய பிறகு அவசரப்பட்டு இன்ஜினை முறுக்குவதும், ஆளைச் சேற்றில் இறக்குவதும்தான் தப்பு.

இங்கே சொல்வது 14 முதல் 18 அடி நீளமுள்ள, நடுப்பலகையை (படகு பக்கவாட்டில் சறுக்காமலிருக்க அடியில் நீருக்குள் இறங்கும் பலகை) தூக்கி இறக்கக்கூடிய சிறு படகுக்கு. நிலையான அடிக்கட்டை (தூக்க முடியாத கீல்) உள்ள படகுக்கு எங்கே மாறுமோ அங்கே தனியாகச் சொல்கிறோம்.

கிளம்பும் முன் படகில் இருக்க வேண்டியவை

10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்ட் அடித்த 3 மீட்டர் மூங்கில் கழி. 5 கிலோ நங்கூரம், அதோடு 2 மீட்டர் சங்கிலி, 10 மி.மீ. நைலான் கயிறு 30 மீட்டர். காற்றடித்த லாரி ட்யூப் ஒன்று. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குடிநீர், தண்ணீர் புகாத உறையில் போன். நாகப்பட்டினத்துக்கான ஓத அட்டவணையில் (கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) அன்றைய ஏற்ற, வற்ற நேரங்களைக் குறித்து எடுத்துக்கொள்ளுங்கள். காயலுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் அதே ஏற்றம் தாமதமாகவும் குறைவாகவும்தான் வந்து சேரும்.

முதல் ஒரு நிமிடம்

1. பாய்க் கயிற்றை விடுங்கள். பாயில் காற்று நிற்கும்வரை படகு திட்டுக்குள் இன்னும் ஏறிக்கொண்டே போகும். காற்று ஆழத்தை நோக்கித் தள்ளினால் மட்டும் பாயை வைத்துக்கொள்ளலாம்.

2. நடுப்பலகையைத் தூக்குங்கள், பிறகு சுக்கானை. பலகை மட்டும் தட்டியிருந்தால் இதிலேயே படகு மிதந்துவிடும். உடனே கழியால் அணியத்தை (படகின் முன்பக்கத்தை) திருப்பி, வந்த வழியே வெளியேறுங்கள். பெரும்பாலான தரைதட்டல்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

3. முடியவில்லையா? பாயை இறக்கிவிட்டு, யாருக்காவது அடிபட்டதா, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். நடுப்பலகை ஏறி இறங்கும் கூட்டின் அடி ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பலகை மோதிய வேகத்தில் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

தண்ணீர் ஏறுகிறதா, வற்றுகிறதா?

மற்ற எல்லா முடிவும் இந்த ஒரு பதிலில்தான் தொங்குகிறது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. அதனால்தான் ஒரு சாண் தண்ணீருக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

அன்றைய வித்தியாசம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உச்சம் தாண்டிய முதல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 5 செ.மீ. குறையும். இரண்டாவது மணியில் 10. மூன்றாவதிலும் நான்காவதிலும் 15, 15. பிறகு 10, கடைசியில் 5. அதாவது உச்சத்துக்குப் பின் முதல் மணிக்குள் தட்டினால் இழுத்து வெளியே வர அவகாசம் உண்டு. மூன்றாவது மணியில் தட்டினால் நான்கு நிமிடத்துக்கு ஒரு செ.மீ. போய்க்கொண்டிருக்கும். அப்போது பத்து நிமிடம் முயன்று பாருங்கள், நகரவில்லை என்றால் உட்கார்ந்திருக்கத் தயாராகுங்கள். ஓர் உச்சத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. பௌர்ணமி ஏற்றத்தின் உச்சியில் திட்டில் ஏறிய படகுக்கு அடுத்த நாள் ஏற்றம் கொஞ்சம் குறைவாக வந்தால், அதே அளவு தண்ணீருக்கு இரண்டு வாரம் காத்திருக்க நேரலாம். அதனால் தெரியாத வாய்க்குள் நுழைவதை எப்போதும் ஏறும் தண்ணீரில், பாதி ஏற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றையும் கணக்கில் சேருங்கள். முத்துப்பேட்டைக் காயல் தெற்கே கடலுக்குத் திறந்திருப்பதால் வாடை (வடகாற்று) தண்ணீரை வெளியே தள்ளும், சோழகம் (தென்காற்று) உள்ளே ஏற்றும்.

அடி மணலா, சேறா?

கழியைக் குத்துங்கள். டக்கென்று நின்று கையில் அதிர்ந்தால் மணல். வழுக்கி இறங்கி, இழுக்கும்போது பிடித்துக்கொண்டு, முனையில் கறுப்பாக ஒட்டி நாறினால் சேறு. மணலில் இறங்கி நின்று தள்ளலாம். சேற்றில் இறங்கவே கூடாது. முத்துப்பேட்டைக் காயலில் பாமனியாறும் கோரையாறும் வந்து விழும் பக்கத்தில் கால் தொடை வரை புதையும், ஏறுவதற்குப் பிடிமானம் இருக்காது. கரகரவென்று உரசினால் ஆளி (சிப்பி) படுகை. அங்கே இழுக்காமல் தண்ணீர் ஏறும்வரை பொறுங்கள், ஆளி ஓடு ஃபைபர் அடியைக் கிழித்துவிடும்.

பிறகு படகைச் சுற்றி எல்லாப் பக்கமும் கழியால் அளந்து ஆழம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். வழக்கமாக வந்த பக்கம்தான்.

நங்கூரத்தை எடுத்துப்போய் இழுப்பது

4. நங்கூரத்தை ட்யூபில் வைத்து ஆழமான பக்கம் 20 மீட்டராவது கொண்டுபோய் இறக்குங்கள். மணல் என்றால் ஒருவர் நடந்து போகலாம். சேறு என்றால் லைஃப் ஜாக்கெட்டோடு ட்யூபின் மேல் படுத்து, கையால் துழாவிப் போக வேண்டும். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கட்டும். நங்கூரத்தைக் கையால் வீசுவதில் பயனில்லை, நான்கைந்து மீட்டரில் விழுந்து இழுத்தவுடன் பிடுங்கி வந்துவிடும்.

5. எடையைக் குறையுங்கள், இடம் மாற்றுங்கள். தண்ணீரைத் தொடும் பரப்பு 5 சதுர மீட்டர் உள்ள படகில் 50 கிலோ இறக்கினால் 1 செ.மீ. உயரும். அணியம் தட்டியிருந்தால் எல்லோரும் பின்னால் போங்கள். தட்டை அடிப் படகைச் சாய்க்காதீர்கள், ஓரம் இன்னும் ஆழமாக இறங்கும். நிலையான அடிக்கட்டைப் படகுக்கு நேர்மாறு: 1.2 மீட்டர் ஆழம் இறங்கும் கட்டை 30 டிகிரி சாய்ந்தால் சுமார் 16 செ.மீ. மிச்சமாகும்.

6. கயிற்றை முதலில் இறுக்கி வைத்துக்கொண்டு, அலை தூக்கும் நொடியில் இழுங்கள். சேறு என்றால் இருபுறமும் ஆட்டிக்கொண்டே இழுங்கள். அடியில் தண்ணீர் புகுந்தால்தான் பிடி விடும்.

இன்ஜினைத் தொடாமலிருப்பதே நல்லது. பின்னோக்கி முடுக்கினால் மணலை வாரிப் படகின் அடியிலேயே குவிக்கும், குளிரூட்டும் தண்ணீரோடு சேற்றையும் உறிஞ்சும். இன்ஜினின் பக்கத்தில் பீச்சி வெளியேறும் அந்தத் தண்ணீர் நின்றால் உடனே அணையுங்கள். அலையாத்தி மரத்திலும் கயிறு கட்டாதீர்கள். உளைச் சேற்றில் ஊன்றிய வேர் சரிந்துவிடும், அந்தக் காடு வனத்துறையின் அனுமதியோடு நுழையும் இடமும்கூட.

மீனவர் படகு உதவிக்கு வந்தால் இழுகயிற்றைப் பாய்மர அடியில் கட்டுங்கள், கொக்கியில் அல்ல. "அண்ணே, மெதுவா இழுங்க, கையைத் தூக்கினா நிறுத்திடுங்க" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இறுகிய நைலான் அறுந்தால் வெட்டுகிற வேகத்தில் திரும்பும், அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

முகத்துவாரத்தில் அலை உடையும் இடம்

இது வேறு விஷயம். இங்கே படகை விட ஆள்தான் முக்கியம். ஒவ்வொரு அலையும் படகைத் தூக்கித் தரையில் அறையும். அணியம் கடலைப் பார்க்கும்படி நங்கூரம் போட முயலுங்கள். இறங்கினால் கடல் பக்கம் நில்லுங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் நின்றவரை அடுத்த அலை படகோடு சேர்த்து நசுக்கும். தண்ணீர் நிரம்பத் தொடங்கினால் கடலோரக் காவல் படையை 1554 எண்ணில் அழையுங்கள். விஎச்எஃப் (படகு வானொலி) இருந்தால் 16ஆம் சேனல்.

மிதந்த பிறகு

நேரம், ஜிபிஎஸ் இடம், காற்றின் திசை, திதி, கழியில் கண்ட ஆழம், அடி மணலா சேறா, இவ்வளவையும் அங்கேயே எழுதுங்கள். அட்டவணையைப் பார்த்து, வற்றத்தில் அந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கணக்கிட்டுப் பக்கத்தில் குறியுங்கள். 20, 30 குறிப்புகள் சேர்ந்தால் அந்த வாயின் வரைபடம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் ஒரு வெள்ளத்துக்கோ புயலுக்கோ பிறகு அதை நம்பாமல் மறுபடி அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு: ஆற்று வளைவில் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் திட்டு. பூநாரையும் கொக்கும் நிற்கும் இடத்தில் உங்கள் படகுக்கு வேலையில்லை.

கரை சேர்ந்ததும் சுக்கான் ஆணிகளையும் நடுப்பலகை போல்ட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். பலகைக் கூட்டில் சிக்கிய மணலை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இன்ஜினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். படகின் உள்ளே துடைத்துவிட்டு ஓர் இரவு மிதக்கவிடுங்கள். காலையில் ஈரம் தெரிந்தால் பழுது பார்க்காமல் பாய் ஏற்ற வேண்டாம்.