கோஸ், பழ சாலட் நீர்த்துப்போகாமல் இருக்க

முட்டைகோஸும் பழமும் கலந்த சாலட் சிறிது நேரத்திலேயே நீர்விட்டுத் துவண்டுபோகிறதா? கோஸை மெல்லிய இழைகளாகச் சீவி, அரை கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசிறி, வடிதட்டில் 20 நிமிடம் வைத்துவிடுங்கள். உப்பு இழுத்த நீர் அடியில் சொட்டி நிற்கும். கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பிழியுங்கள். இழை வளையும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும். மேற்கொண்டு உப்புத் தேவைப்படாது.

ஆப்பிளைக் கடைசியில், தோலோடு தீக்குச்சி கனத்தில் நறுக்கி, உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் சட்டென்று கறுக்காது. அன்னாசி என்றால் சாற்றை வடித்துவிட்டுச் சேருங்கள். மயோனைஸைவிடக் கெட்டித் தயிரே என் தேர்வு. பழத்தின் சுவையை அது அமுக்குவதில்லை. மிளகுத்தூள் தூவி, பரிமாறும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள்.