குறைந்த செலவில் வந்த புது ரோலர் கோஸ்டரை எடைபோடுவது எப்படி

ஒரு பூங்கா புது ரோலர் கோஸ்டர் அறிவித்ததும் எல்லோரும் முதலில் தேடுவது உயரத்தையும் வேகத்தையும்தான். அந்த எண்கள் சின்னதாக இருந்து, கூடவே அது தயாரிப்பாளரின் கேட்டலாகில் இருக்கும் ரெடிமேட் மாடல் என்றும் தெரிந்துவிட்டால் போச்சு, கோஸ்டர் ஆர்வலர்கள் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "இதுக்கெல்லாம் யார் டிக்கெட் எடுப்பாங்க?" அப்புறம் திறப்பு நாளில் ஏறி இறங்கியவர்கள் "இவ்வளவு நல்லா இருக்கும்னு நினைக்கவே இல்ல" என்று கொண்டாடுவார்கள். இரண்டையும் படித்துவிட்டு, காசு செலவழித்துப் போகலாமா, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று முடிவெடுக்க வேண்டியது நீங்கள். அதற்கு எதைப் பார்ப்பது, யார் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதைத்தான் எழுதுகிறேன். என் கட்சி என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பணம் குறைவாகப் போட்டதால் மட்டும் ஒரு கோஸ்டர் மோசமாகிவிடாது, எந்த இடத்தில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எங்கே மிச்சம் பிடித்தார்கள்?

அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பூங்காவில் 2015-இல் வந்த ஃப்யூரி 325-க்கு 3 கோடி டாலர் ஆனது. பெயரிலேயே இருக்கிறது, 325 அடி உயரம். உயரம் கூடக் கூட இரும்பும் அஸ்திவாரமும் தூண்களும் கூடிக்கொண்டே போகும். அவ்வளவு பணம் இல்லாத பூங்காவுக்குச் சில வழிகள்தான் உண்டு: உயரத்தைக் குறைக்கலாம், ஏற்கெனவே வரைந்து வைத்த மாடலை வாங்கலாம், வேறு பூங்கா கழற்றியதை வாங்கலாம், ரயில்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், சுற்றியுள்ள அலங்காரத்தைக் கைவிடலாம். இதில் எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. 1996-இல் டுவேன் மார்டன் தொடங்கிய ரோலர் கோஸ்டர் டேட்டாபேஸில் தயாரிப்பாளர், மாடல், உயரம், நீளம், ரயில் அமைப்பு எல்லாம் கிடைக்கும். அதே மாடல் வேறு எங்கே ஓடுகிறது என்பதும் தெரியும், அது ரொம்ப முக்கியம்.

உயரத்தைக் குறைப்பதைப் பற்றி நான் கவலையே படமாட்டேன். கனெக்டிகட்டில் குவாஸி என்று ஒரு சின்னப் பூங்கா. அங்கே 2011-இல் கிராவிட்டி குரூப் என்ற கம்பெனி கட்டிய வுடன் வாரியர் என்ற மர கோஸ்டரின் உயரம் வெறும் 35 அடி, நம்ம ஊர் மூன்று மாடி வீடு அளவு. ஆனால் நீளம் ஏறத்தாழ 1,250 அடி. குட்டிக் குட்டி மேடுகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு மேட்டிலும் ஏர்டைம் கிடைக்கும், அதாவது உடம்பு இருக்கையை விட்டு எழும். ஏர்டைமுக்கு மலை அளவு உயரம் தேவையில்லை. ரயில் வரும் வேகத்துக்குத் தகுந்தபடி மேட்டின் முகடு இறுக்கமாக வளைந்திருந்தால் சின்ன மேடும் உங்களைத் தூக்கிப் போடும், என்ன, அந்தக் கணம் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால்தான் உலகம் சுற்றும் ஆர்வலர்களும் இந்த 35 அடிக் குட்டியை மெச்சுகிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும்: நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். வுடன் வாரியருக்கு 35-ஐ ஒட்டி வரும். ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனியின் ஒற்றைத் தண்டவாள வகையில் 2018-இல் வந்த ரெயில்பிளேசர், 106 அடி உயரமும் 1,800 அடி நீளமும் கொண்டது, அதற்கு 17. வெகோமா கம்பெனியின் பூமராங் 116 அடி உயரம், 935 அடி நீளம், 8 மட்டுமே வரும். பூமராங் அதே பாதையில் பின்னோக்கித் திரும்பி வருவதால் அதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் மற்ற இரண்டையும் தொடாது. எண் பெரிதாக இருந்தால், ஏறிய உயரத்தை வீணாக்காமல் கடைசிச் சொட்டு வரை செலவழித்திருக்கிறார்கள் என்று நம்பலாம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், ஆனால் அறிவிப்பு வந்த நாளில் வேறு எதுவும் கையில் இல்லாதபோது உயரத்தைப் பார்த்து உதடு பிதுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பழசை வாங்குவதும் அப்படித்தான், கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் 1947-இல் கட்டப்பட்ட ராக்கெட் என்ற மர கோஸ்டர், அந்தப் பூங்கா மூடிய பிறகு சும்மா நின்றது. அதைப் பெயர்த்துக்கொண்டு போய் பென்சில்வேனியாவின் நோபெல்ஸ் பூங்காவில் 1985-இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் நிறுத்தினார்கள். 78 அடிதான். அது 2018-இலும் 2019-இலும் அமியூஸ்மென்ட் டுடே இதழின் கோல்டன் டிக்கெட் விருதுகளில் சிறந்த மர கோஸ்டராக வந்தது, அதைவிடப் பல மடங்கு பணம் விழுங்கியவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளி. நோபெல்ஸில் நுழைவுக் கட்டணமும் கிடையாது, ஏறுகிற ரைடுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.

நான் பயப்படுவது வண்டியிலும் தண்டவாளத்திலும் மிச்சம் பிடித்தால்தான். அதற்குத் தனியாகக் கொஞ்சம் எழுத வேண்டும்.

வண்டியைப் பாருங்கள், முக்கியமாகத் தோள் பக்கம்

வெகோமாவின் பூமராங்கும், தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஓடும் எஸ்.எல்.சி.யும் (சஸ்பெண்டட் லூப்பிங் கோஸ்டர்)தான் பட்ஜெட் கோஸ்டர் என்றதும் ஆர்வலர்களுக்கு நினைவுக்கு வருபவை. வொண்டர்லாவின் ரீகாயிலைப் பார்த்தவர்களுக்கு பூமராங் எப்படி ஓடும் என்று தெரியும்: பின்னால் இழுத்து உயர்த்தி, விட்டுவிட்டு, மூன்று முறை தலைகீழாக்கி, மறுபடி அதே வழியில் பின்னோக்கி. இடம் கொஞ்சம் போதும், வரைபடம் தயார், அதனால் உலகம் முழுக்க ஐம்பதுக்கு மேல் கட்டினார்கள். எஸ்.எல்.சி.யின் முதல் வண்டி 1994-இல் நெதர்லாந்தின் வாலிபி ஹாலந்து பூங்காவில் வந்தது, வழக்கமான மாடல் 689 மீட்டர் நீளம், ஐந்து தலைகீழ். இரண்டைப் பற்றியும் வரும் புகார் ஒன்றேதான்: ஹெட்பேங்கிங். தோளுக்கு மேலே இறங்கும் கெட்டியான பட்டைகளுக்கு நடுவில் தலை இருக்கும், தண்டவாளம் ஒரு வளைவிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று திரும்பும், காது இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

இதைப் படித்துவிட்டு "வெகோமா என்றாலே வேண்டாம்" என்று முடிவு கட்டினால் நல்ல வண்டிகளை இழந்துவிடுவீர்கள். அதே கம்பெனி 2017-இல் போலந்தின் லெஜெண்டியா பூங்காவில் வைத்த லெக் கோஸ்டர் 40 மீட்டர் உயரம், மூன்று தலைகீழ், மடியில் மட்டும் இறங்கும் லேப் பார், ஏறியவர்கள் அதன் வழவழப்பைத்தான் முதலில் பேசுகிறார்கள். பழைய எஸ்.எல்.சி.கள் சிலவற்றிலும் கெட்டிப் பட்டைகளை எடுத்துவிட்டு மெத்தென்ற அங்கி போன்ற பிடிப்புகள் வைத்த புது ரயில்களை மாட்டியிருக்கிறார்கள், அது பெரிய வித்தியாசம். ஆகவே கம்பெனிப் பெயரோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள். தண்டவாளம் எந்தத் தலைமுறை? ரயில் எந்தத் தலைமுறை? பிடிப்பு தோளிலா, மடியிலா? தலைகீழ் இருந்தும் லேப் பார் மட்டும் போட்டிருந்தால், வளைவுகளில் ஆளை இடிக்காது என்று தயாரிப்பாளருக்கு நம்பிக்கை இருக்கிறது என்பதே பெரும்பாலும் அர்த்தம். மர கோஸ்டரில் சக்கரத் தண்டு வளைவுக்கு ஏற்பத் திரும்புமா என்று பாருங்கள். வுடன் வாரியரில் ஓடும் டிம்பர்லைனர் ரயில் அப்படிப்பட்டது, இறுக்கமான சின்ன வளைவுகளில் அது இல்லாவிட்டால் முதுகு வலிக்கும்.

வரிசைக் கணக்கை நீங்களே போடுங்கள்

மிச்சம் பிடித்தது அதிகம் தெரிவது க்யூவில். ஒரு ரயிலில் எத்தனை பேர், எத்தனை நொடிக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்று பாருங்கள், 3,600-ஐ நொடியால் வகுத்து ஆள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். பூமராங்கில் 28 பேர், ரயில் எப்போதும் ஒன்றே ஒன்று, அது திரும்பி வந்து ஆட்கள் இறங்கி ஏறிக் கிளம்ப மூன்று நிமிடம் ஆனால் மணிக்கு 560 பேர். ரெயில்பிளேசர் போல ஒருவர் பின் ஒருவராக 8 பேர் உட்காரும் ரயில், நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினாலும் 480 தான். உங்களுக்கு முன்னால் 500 பேர் நின்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பத்திரிகைக்காரர்களுக்கான முன்னோட்ட நாளில் காத்திருக்காமல் ஏறியவர் "அருமை, திரும்பத் திரும்பப் போனேன்" என்று எழுதியிருப்பார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் விடுமுறை நாளில் போகும் உங்களுக்கு அது பொருந்தாது. 30 நொடியில் முடியும் ரைடுக்கு எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கத் தயார் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள்.

ஆர்வலர் சொல்வதைப் படிக்கும் முறை

ஆர்வலர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ் அமைப்பு 1978 முதல் இருக்கிறது, பழைய மர கோஸ்டர்களைக் காப்பாற்ற அவர்கள் போல் குரல் கொடுத்தவர்கள் குறைவு. இருந்தாலும் அவர்கள் பார்க்கும் இடம் வேறு. நூற்றுக்கணக்கான கோஸ்டர் ஏறியவருக்கு குளோன், அதாவது வேறு பூங்காவில் இருப்பதன் நகல் என்றால் சலிப்பு, ஏறிய கோஸ்டர் பட்டியலில் இன்னொரு எண், அவ்வளவுதான். அந்த ஊரில் அதுவரை குழந்தைகள் ரயிலும் பெரியவர்களை மிரட்டும் ஒன்றும் மட்டுமே இருந்து, நடுவில் ஏற எதுவுமே இல்லாமல் இருந்திருந்தால், பத்து வயதுப் பிள்ளைக்கு அதே குளோன்தான் வருடம் முழுக்கப் பேச்சு. ஆகவே "குளோன்" என்ற புகாரை, அதே மாடலில் ஏற்கெனவே ஏறியிருந்தால் மட்டும் பொருட்படுத்துங்கள். "ரஃப்", அதாவது உலுக்குகிறது, இடிக்கிறது என்ற புகாரை எப்போதும் பொருட்படுத்துங்கள்.

ஒரு கருத்து பயன்படுமா என்று தெரிய, அவர் எந்த வரிசையில் உட்கார்ந்தார், காலையிலா மாலையிலா, எவ்வளவு உயரமான ஆள் என்று சொல்லியிருக்கிறாரா பாருங்கள். காலைக் குளிரில் சக்கரமும் கிரீஸும் இறுகியிருக்கும், ரயில் மந்தமாகப் போகும். சாயங்காலம் அதே ரயில் வேறு வண்டி போல ஓடும். முன் வரிசையில் இருப்பவர் முதல் இறக்கத்தில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பார், கடைசி வரிசைக்காரர் அதே இடத்தில் இழுத்து எறியப்படுவார். இவை எதையும் சொல்லாமல் பத்துக்கு இத்தனை என்று மட்டும் எழுதியிருந்தால் தாண்டிப் போங்கள். திறப்பு வாரக் கருத்துகளில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், அறிவிப்பு நாள் கருத்துகளில் நிறையவே கழியுங்கள், யாரும் ஏறாத வண்டி அது.

வீடியோவிலும் கவனம் வேண்டும். ரயிலின் முன்னால் கேமரா மாட்டி எடுப்பது பெரும்பாலும் அகன்ற லென்ஸ், மேடுகளைத் தட்டையாக்கிவிடும். அதைவிட வெளியே நின்று எடுத்ததைத் தேடுங்கள். முகட்டைத் தாண்டும்போது ஆட்களின் உடம்பு எழுகிறதா, கடைசி பிரேக்கில் ரயில் பாய்ந்து நுழைகிறதா, ஊர்ந்து நுழைகிறதா என்று அதில்தான் தெரியும்.

நேரில் போனால்

முடிந்தால் இரண்டு தடவை ஏறுங்கள், காலையில் முன் வரிசை, சாயங்காலம் கடைசி வரிசை. மர கோஸ்டரில் ஒரு பெட்டிக்கு மூன்று வரிசை இருந்தால் நடு வரிசை கேளுங்கள், சக்கரத்துக்கு நேர் மேலே உட்காராததால் அதிர்வு குறையும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கேயே ஆரம்பிக்கலாம். தோள் பட்டை உள்ள வண்டியில் காதில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள், தலையைப் பின்னால் ஒட்டி வையுங்கள். தண்டவாளம் அடுத்து எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்து தானாகத் தயாராகிவிடும். கழுத்து, முதுகு வலி உள்ளவர்கள் பலகையில் எழுதியிருப்பதை மதித்து ஒதுங்கிவிடுவது நல்லது, எவ்வளவு சின்ன வண்டியாக இருந்தாலும். உயரக் கட்டுப்பாட்டை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழக்கமான பூமராங்கில் 1.2 மீட்டர் கேட்பார்கள், க்யூவின் முனை வரை வந்து திருப்பி அனுப்பப்படும் பிள்ளையைச் சமாதானம் செய்வது ரொம்பக் கஷ்டம்.

இறங்கிய பிறகு நீங்களும் எழுதுங்கள். வரிசை, நேரம், கூட்டம், உங்கள் உயரம், யாரோடு போனீர்கள் என்று ஓரிரு வரி போதும். அடுத்த வருடம் மறுபடி போனால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் சக்கரம் தேய்ந்து, தண்டவாளம் பழகிய பிறகு குறைந்த செலவு வண்டி எப்படி ஓடுகிறது என்று சொல்கிறவர்கள் மிகக் குறைவு, வாங்கலாமா என்று யோசிக்கிற இன்னொரு சின்னப் பூங்காவுக்கும் அந்தத் தகவல்தான் வேண்டும்.