சென்னைக்குக் குடிபெயர்ந்தவர் வீடு வாங்கப் பகுதி பார்ப்பது எப்படி?

மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வேலை நிமித்தம் சென்னைக்கு வருபவர்கள், பள்ளி விடுமுறையை ஒட்டி, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வீடு பார்க்கிறார்கள். அந்த வெயிலில் எல்லாப் பகுதிகளும் காய்ந்து, தூசி படிந்து, ஒன்றுபோலவே தெரியும். ஏரியின் உள்வாயில், அதாவது முன்பு ஏரிநீர் தேங்கிய பரப்பில், எழுந்த நகருக்கும் மேட்டுத் தெருவுக்கும் உள்ள வேறுபாடு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் வெளிப்படும். ஆகவே, வந்த ஆண்டே வாங்க வேண்டாம். பிடித்த பகுதியில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குக் குடியிருந்து, ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அங்கேயே கழித்த பிறகு முன்பணம் கொடுக்கலாம். வாடகை வீண்செலவு என்று உறவினர்கள் சொல்லத்தான் செய்வார்கள். இருபது ஆண்டுகள் கடன் கட்டப்போகிறவருக்கு அது பெரிய தொகையன்று.

முதலில் பார்க்க வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பரில் மூழ்கிய வேளச்சேரியும் முடிச்சூரும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் மூழ்கின. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். குப்பைக்கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அந்தச் சதுப்பை வெகுவாகச் சுருக்கிவிட்டன. எஞ்சிய பகுதிக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது என்றாலும், சுற்றியுள்ள தெருக்களின் தாழ்வு அதனால் மாறிவிடாது. நீர் தன் பழைய வழியையே தேடும்.

இதைக் கண்டறிய வல்லுநர் எவரும் தேவையில்லை. நான் பார்த்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் நிற்கவே நிற்காது என்று தரகர் உறுதி கூறினார். ஆனால் தரைத்தளத்திலிருந்த மின்மீட்டர் பெட்டிகள் அனைத்தும், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் அளவு பார்க்க முடியும் என்ற உயரத்தில் புதிதாக மாட்டப்பட்டிருந்தன. பழைய பெட்டிகளின் திருகாணித் துளைகள் இடுப்பளவில் அப்படியே இருந்தன. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் விசாரித்தபோது, வெள்ளத்தின்போது நான்கு நாள் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். சாலையிலிருந்து இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால், மேலுக்கு மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் தெருவின் மழைநீர் அந்த வீட்டுக்குள்தான் வரும். ஊர்ப் பெயரும் துப்புக் கொடுக்கும். ‘தாங்கல்’ என்று முடியும் பெயர்கள் சிறு ஏரியைக் குறிப்பவை. மேற்கு மாம்பலத்தில் ஏரியே இல்லாமல் போன பிறகும் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. பெயரை மட்டும் வைத்து ஒரு பகுதியைத் தள்ளிவிடக் கூடாது; கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும்.

மழையில் மிதக்கும் பகுதியே கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பது இந்நகரின் விசித்திரம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போயின. எனவே, மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணைப்பு தெருவில் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று கேட்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு உவர்ப்பதுண்டு. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் படிவம், வாளியில் செம்மஞ்சள் கறை ஆகியவை விற்பவர் சொல்லாததைச் சொல்லிவிடும். பழைய ஃப்ளாட் என்றால், மே மாதத்துப் பராமரிப்புக் கணக்கைக் கேட்டு வாங்கி, லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போயிற்று என்று பார்த்துவிடுவது நல்லது.

பயணத்தைப் பொறுத்தவரை, தரகர் சொல்லும் ‘பத்து நிமிடம்’ ஞாயிற்றுக்கிழமைக் காலையின் பத்து நிமிடமாகவே இருக்கும். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். வரப்போகும் ரயிலை நம்பி விலையை உயர்த்திக் கொடுக்க வேண்டாம். 2007-இல் வேளச்சேரிக்கு வந்த, உயர்பாதையில் ஓடும் பறக்கும் ரயில், பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னும், சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரங்கிமலையை எட்டியிருக்கவில்லை. இன்று ஓடும் ரயிலுக்கும் பேருந்துக்கும் மட்டும் விலை கொடுங்கள்.

பகுதி மனத்துக்குப் பிடித்த பிறகு ஆவணங்களைப் பார்க்கலாம். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை முப்பது ஆண்டுகளுக்காவது எடுங்கள். பட்டாவோடு நின்றுவிடாமல், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் (சர்வே எண்) என்ன வகைப்பாட்டில் இருக்கிறது, பக்கத்துப் புல எண்களில் நீர்நிலைப் புறம்போக்கு (ஏரி, குளம், வாய்க்கால் போன்ற அரசு நிலம்) ஏதேனும் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதலையும், புதிய அடுக்குமாடியாக இருந்தால் ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் செய்த பதிவையும் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது அவசியம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்பதை மறந்துவிட்டு வரவுசெலவு போடுகிறவர்கள் பலர். அறுபது லட்சத்து வீட்டுக்கு அது மட்டுமே ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்ட ஒரு நாள் மாலையில் அந்தத் தெருவுக்குப் போய்வாருங்கள். 2024 அக்டோபரில் அத்தகைய எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நீங்கள் பார்க்கும் தெருவில் கார்கள் வாசலிலேயே நிற்கின்றனவா, அல்லது ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றனவா என்பதைச் சற்று நின்று கவனியுங்கள்.