பிள்ளையின் வாயில் நம் வசனம்: காலநிலைப் பதிவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனசமூக நிலையத்தில் மூன்று இளைஞர்கள், புதிதாகத் தொடங்கிய தங்கள் முகநூல் பக்கத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கதிரையில் இருந்தாள். கையில் தட்டச்சு செய்த தாள். "காலநிலை மாற்றத்தின் பாதகமான விளைவுகளை எதிர்நோக்கும் நாம்" என்று தொடங்கி, மூன்றாம் தடவையும் அதே இடத்தில் நாக்குத் தடுக்கி நின்றாள். "பரவாயில்லை தங்கச்சி, திரும்பச் சொல்லுங்கோ" என்றார் கமராக்காரர். சில வருடங்களுக்கு முன் கமராவுக்குப் பின்னால் நான் நின்றதும் அச்சொட்டாக அப்படித்தான். அதனால்தான், பிள்ளைகளைக் காலநிலை பற்றிப் பேசவைத்து இணையத்தில் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெளிச்சம், காற்றுச் சத்தம், போனை நிமிர்த்திப் பிடிப்பதா சரித்துப் பிடிப்பதா என்பதெல்லாம் ஒரு கிழமையில் தானாகப் பிடிபடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய வெள்ளப் படம்

கார்த்திகை பிறந்து நாலு நாள் மழை பெய்தால் போதும், 2008 நிஷா புயல் வெள்ளப் படம் ஒன்று "இன்று காலை" என்ற தலைப்போடு கிளம்பிவிடும். 2020இல் புரெவி வந்தபோதும் வந்தது, 2024இல் ஃபெங்கல் வந்தபோதும் வந்தது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கின. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் இன்னொரு கப்பல் மூழ்கி, அதன் மணிகள் நம் வடக்குக் கரைகளுக்கும் வந்தன. கண் முன்னே கடற்கரையில் மணி கிடக்க, 2021ஆம் ஆண்டுப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டவர்களை என்ன சொல்வது?

படத்தை யார் எடுத்தது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் எல்லாம் கழன்றுபோகும். டொக்கியுமென்டாக அனுப்பச் சொன்னால் கூடவே வரும். அந்தக் கோப்பை அப்படியே குழுமத்தில் போட்டுவிடாதீர்கள், பிள்ளையின் வீடு எங்கே என்பதும் அதற்குள் இருக்கும்.

"யாழ்ப்பாணத்துக் கிரேட்டா"

இப்படிப் பட்டம் வைக்க வேண்டாம். 2018இல் காலநிலைக்காக சுவீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே பதாகையோடு உட்கார்ந்த கிரேட்டா துன்பர்க் என்ற பிள்ளைக்கு அவளுடைய பெயர்தான் இருந்தது. உங்கள் பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

வசனத்தை நாம் எழுதிக் கொடுப்பது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். எரிச்சல் என் மேல்தான்.

வலிகாமம் கரையோரக் கிராமம் ஒன்றில் ஓ.எல். படிக்கும் பிள்ளை. அவர்கள் வீட்டுக் கிணறு சவராகிவிட்டது, அதாவது தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். தேத்தண்ணி தந்தார்கள், முதல் மிடறிலேயே தெரிந்தது. கிணற்றுக் கட்டில் இருந்து கதைக்கும்போது அவள் சொன்னாள்: "அப்பா விடியக்காலமை மெசினைப் போட்டு வெங்காயத்துக்கு இறைச்சா, மத்தியானம் தண்ணி கூடச் சவர்க்குது அண்ணா. ஒரு நாள் இறைக்காம விட்டா கொஞ்சம் பரவாயில்லை." நான் தலையாட்டினேன். பதிவு செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து இரவிரவாக ஒரு பக்கம் எழுதினேன். கடல்மட்டம் உயர்கிறது, அதனால் எங்கள் கிணறுகள் உவராகின்றன, உலகத் தலைவர்களே விழித்தெழுங்கள். அடுத்த நாள் அவளிடம் கொடுத்து வாசிக்க வைத்தேன். பதினான்கு தடவை எடுத்தோம். "உவர்நீர் ஊடுருவல்" என்ற சொல் ஒவ்வொரு தடவையும் அவளைக் கவிழ்த்தது.

வீடியோ நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற விவசாய அலுவலர் ஒருவர் கீழே எழுதினார்: "பிள்ளை, உங்கட வீட்டிலை ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் மெசின் ஓடுது?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. துலா போட்டு இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் இருந்தது. மெசின் வந்த பிறகு வெங்காயம், மிளகாய், புகையிலை என்று எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் இழுக்கிறோம். மேலே இருக்கும் நன்னீர் மெலிய, கீழே இருக்கும் உப்பு எழும்பி வருகிறது. கடல் உயர்வதும் மழை முறை தவறுவதும் இந்தச் சிக்கலை இன்னும் மோசமாக்கும், அது உண்மை. ஆனால் அந்தக் கிணற்றில் அன்றைக்கு நடந்ததன் முதல் காரணம் அதுவல்ல. அந்தக் காரணத்தைப் பிள்ளை தன் வாயாலேயே எனக்குச் சொல்லியிருந்தாள். "காலநிலை" என்ற தலைப்புக்கு ஒட்டாது என்று நான்தான் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கொமென்டுகள் திசை மாறின. "யார் எழுதிக் குடுத்தது?" "என்ஜிஓக்காரர் பழக்கி விட்டிருக்கினம்." "அப்பன் தோட்டத்துக்கு இறைக்கிறார், மகள் உலகத் தலைவர்களைக் கேள்வி கேட்கிறா." பிழை என்னுடையது, முகம் அவளுடையது. ரியூசனில் பெடியள் "விழித்தெழு" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். தாய் எனக்குப் போன் எடுத்து, ஏசக்கூட இல்லை, "இனி வராதையுங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே, தாள் கொடுக்காதீர்கள். முதல் நாள் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டாம் நாள், முதல் நாள் சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "எப்ப கண்டீங்கள்?", "அதுக்கு முந்தி எப்படி இருந்தது?" என்ற இரண்டு கேள்வி போதும். அவர்கள் சொல்வதில் பிழை இருந்தால் கமராவுக்கு முன் திருத்தாமல், விஷயம் தெரிந்த ஒருவரோடு இருத்திக் கதைக்க விடுங்கள். "சவர்" என்றால் "சவர்" என்றே இருக்கட்டும். எழுத்துத் தமிழும் சிங்களமும் வேண்டுமென்றால் கீழே உபதலைப்பாகப் போடலாம். சிங்களத்தைக் கட்டாயம் போடுங்கள், முடிவெடுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதில்தான் வாசிக்கிறார்கள். அதையும் சிங்களம் வீட்டு மொழியான ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

சீருடை

கழுத்துப்பட்டி ஒன்றே போதும், எந்தப் பாடசாலை என்று தெரிய. வீட்டு உடுப்பில் எடுங்கள்.

ஹேஷ்டேக்

மூன்று. அதற்கு மேல் போட்டால் விளம்பரம் போல இருக்கும்.

ஓரத்தில் நிற்பவரை வெட்டுவது

2020 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டின்போது ஐந்து இளம் செயற்பாட்டாளர்கள் சேர்ந்து எடுத்த படத்தை ஒரு பெரிய செய்தி நிறுவனம் வெளியிட்டது. உகண்டாவின் வனெசா நகாட்டே அதில் இல்லை. ஓரத்தில் நின்றவரை வெட்டியிருந்தார்கள். ஐவரில் ஒரே கறுப்பினப் பெண் அவர்தான். பின்னால் ஒரு கட்டிடம் தெரிந்ததால் வெட்டினோம் என்று விளக்கம் வந்தது.

நாங்களும் இன்ஸ்டாகிராமின் சதுரத்துக்குள் அடக்க என்று ஒரு படத்தை வெட்டினோம். நெடுந்தீவிலிருந்து விடியப் படகேறி வந்த பிள்ளையின் பாதி முகம் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் அந்தப் படத்தைப் பகிரவும் இல்லை.

பதிவைப் போட்டுவிட்டுப் படுக்கப் போவது

முதல் இரவுதான் மோசமான இரவு. கொமென்டுகளைப் பார்ப்பது பெரியவர்களின் வேலை, பிள்ளையின் வேலை அல்ல. வசை மறைக்கப்பட வேண்டும், கேள்வி இருக்க வேண்டும். பெங்களூரில் 22 வயதுக் காலநிலைச் செயற்பாட்டாளர் திஷா ரவி 2021 பெப்ரவரியில் கைதானது, இணையத்தில் பகிரப்பட்ட ஒரு ஆவணத்துக்காக. இங்கேயும் இணையப் பதிவுகளுக்காக வழக்குப் போட இடம்தரும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரையோ அதிகாரியின் பெயரையோ பிள்ளை சொன்னால், போடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். நமக்குத் தெரிந்த சட்டத்தரணி யாராவது ஒருவர் எப்படியும் இருப்பார், இது யாழ்ப்பாணம்.

அழிக்கச் சொன்னால்

அன்றைக்கே அழியுங்கள். கிணற்றடி வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அந்தப் பிள்ளை கேட்டபோது நான் இரண்டு நாள் இழுத்தேன். பார்வை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அழித்த பிறகு பார்த்தால், யாரோ இறக்கி வைத்துவிட்டார்கள். போன மாரியிலும் உறவினர் குழுமம் ஒன்றில் எனக்கே வந்தது, பல தடவை கைமாறியதைக் காட்டும் அந்த இரட்டை அம்புக்குறியோடு.