தீர்ப்புகளைக் குறியிடும்போது 90% ஒத்துப்போனாலும் போதாது

ஆய்வுக்காக மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் படித்து ‘அனுமதி’, ‘தள்ளுபடி’ என்று எக்செல்லில் குறிக்கும் வேலையை ஒருவரிடமே விட்டுவிடாதீர்கள். 100 தீர்ப்புகளையாவது இரண்டு பேர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே குறிக்கட்டும்.

எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. இருவரும் 85 வழக்குகளில் ‘தள்ளுபடி’, 5-ல் ‘அனுமதி’ என்று ஒத்துப்போய், 10-ல் மாறுபடுகிறார்கள் என்று வையுங்கள். மாறுபட்ட 10-ல் ஆளுக்கு 5 தள்ளுபடி என்றால், மொத்தம் ஆளுக்கு 90 தள்ளுபடி, 10 அனுமதி. ஒத்திசைவு 0.90. ஆனால் தள்ளுபடியே மிகுந்திருப்பதால், இதே விகிதத்தில் குருட்டாம்போக்கில் குறித்திருந்தாலும் (0.9 × 0.9) + (0.1 × 0.1) = 0.81 + 0.01 = 0.82 ஒத்துப்போயிருக்கும். இந்தத் தற்செயல் ஒத்திசைவைக் கழித்துப் பார்க்கும் அளவுதான் கோஹென் கப்பா: (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. சுமார்தான்.

கோளாறு பெரும்பாலும் இரண்டுங்கெட்டான் தீர்ப்புகளில் இருக்கும்: குற்றத்தீர்ப்பு உறுதி, ஆனால் சிறைக்காலம் குறைப்பு. இது எந்தப் பெட்டிக்குள் போகும்? ‘பகுதி அனுமதி’ என்று குறியீட்டுக் கையேட்டில் தனி வகையாக எழுதுங்கள். பிறகு, இதுவரை தொடாத 50 தீர்ப்புகளில் மறுபடி சோதியுங்கள். பழைய 100-ஐயே கொடுத்தால் நினைவிலிருந்து குறித்துவிடுவார்கள். கப்பா பொய்யாக ஏறும். இருவரும் பேசித் தீர்ப்பதற்கு முன் போட்ட குறிகளை அழிக்காமல் எக்செல்லில் தனி நெடுவரிசையில் வைத்திருங்கள். ஆய்வுக் கட்டுரையில் தர வேண்டிய கப்பா அவற்றிலிருந்து கணக்கிட்டதுதான்.